ஒன்றேகால் மணிச் சங்கு

ஒருவரின் இசையை நான் நிறுத்தியிருக்கிறேன். பொறாமையில் இல்லை, பகையில் இல்லை. அளவுக்கு மீறி ரசித்து, அந்த ரசனையை எனக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாமல் நிறுத்தினேன். இதை எழுத உட்கார்ந்ததுமே கால் ஆட ஆரம்பித்துவிட்டது. சின்ன வயதிலிருந்து உள்ள பழக்கம். “காலை ஆட்டாதடி, பாக்கறவங்களுக்குத் தலை சுத்துது” என்று அம்மா சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள்.

அப்போது நாங்கள் ஹைதராபாத்தில், காஞ்சன்பாக்கில், பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றின் குவார்ட்டர்ஸில் முன் வரிசையில் குடியிருந்தோம். அப்பாவுக்கு அங்கே என்ன வேலை என்று எனக்கு இன்றுவரை முழுசாகத் தெரியாது. ‘ஆபீஸ்’ என்பார், அதோடு சரி. பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் ‘சென்ட்ரல் கவர்ன்மென்ட்’ என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று ஒன்றாம் வகுப்பிலேயே பழக்கிவிட்டார்கள். காலனியில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஒரே செக்‌ஷனில் இருபது வருஷம் வேலை பார்த்தவர்கள் வாசலில் சந்தித்தால் தண்ணீர் எத்தனை மணிக்கு வந்தது என்று மட்டும் பேசிக்கொள்வார்கள். எனக்கு அந்த மௌனத்தைக் கண்டால் எரிச்சலாக வரும். பேசினால் என்ன, வானம் இடிந்து விழுந்துவிடுமா என்று தோன்றும்.

தன்னைப் பற்றி அந்தத் தொழிற்சாலை வெளியே சொன்ன ஒரே விஷயம் அதன் சங்கு. காலையில் ஒன்று, சாப்பாட்டுக்கு விட ஒன்று, மறுபடி உள்ளே கூப்பிட ஒன்று, மாலையில் ஒன்று. இதில் ஒன்றேகால் மணிக்கு உள்ளே கூப்பிடும் சங்குக்கு மட்டும் ஒரு கோளாறு இருந்தது. ஆரம்பிக்கும், அறுந்துபோகும், ஒரு மூச்சு நிற்கும், பிறகு பலமாக மறுபடி தொடங்கும். எங்கள் வீட்டில் அதை விக்கல் என்போம். வீட்டுக்குச் சாப்பிட வந்திருக்கும் அப்பா அந்த நேரத்தில்தான் வாய் கொப்பளித்துக்கொண்டிருப்பார். “சங்குக்குத் தண்ணி குடு” என்பார். அது ஒன்றுதான் அவர் ஆபீஸைப் பற்றிச் சொன்ன ஜோக். தினமும் சொல்வார், தினமும் சிரிப்போம்.

எனக்கு இருபத்து நான்கு வயது. மாதாப்பூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. மற்றவர்கள் எழுதியதில் பிழை கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் மட்டும் போதாது, அது எந்த இடத்தில் வருகிறது, எப்போது வருகிறது, என்னென்ன செய்தால் மறுபடி வரும் என்று படிப்படியாக எழுத வேண்டும். அதில் நான் கெட்டிக்காரி. நான் எழுதிய அறிக்கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பிழையிடம் போய்ச் சேரலாம் என்று மேலாளர் பத்துப் பேர் முன்னால் சொல்லியிருக்கிறார்.

கம்பெனியில் எங்கள் மாடியில் அப்போது யாருக்கும் இருந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. ஒருவன் விசாவுக்குக் காத்திருப்பான், ஒருத்தி எதிர்க் கட்டடத்துக்கு மாறப் பேசிக்கொண்டிருப்பாள். பக்கத்து நாற்காலிக்காரர் திங்கட்கிழமை இருப்பாரா என்று வெள்ளிக்கிழமை சொல்ல முடியாது. எனக்கும் எங்காவது போக வேண்டும் போலிருந்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை. காஞ்சன்பாக்கிலிருந்து மாதாப்பூருக்கு கம்பெனி பஸ்ஸில் போக ஒன்றரை மணி நேரம், வர இரண்டு மணி நேரம். அந்த ஓட்டத்தைத்தான் வாழ்க்கை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களில்தான் என் பக்கத்து நாற்காலிக்காரன் தன் ஹெட்ஃபோனைக் கழற்றி என்னிடம் நீட்டினான். அவன் செகந்திராபாத் ரயில்வே காலனியில் பிறந்த தமிழன். தாத்தா காலத்தில் ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்த குடும்பம். அவன் பேசும் தமிழில் பாதிக்கு மேல் தமிழ் இருக்காது, ஹைதராபாத் உருதுதான்: இல்லை, வேண்டாம் இரண்டுக்கும் ‘நக்கோ’, ஏன் என்பதற்கு ‘கைக்கு’.

“ஒருக்கா கேளு ரே. தமாக் கராப் ஆயிடும், மண்டையே கெட்டுடும்.”

“என்ன பாட்டு?”

“பாட்டு நக்கோ. பாட்டைக் கொன்னுட்டு அதோட ஆவியைப் புடிச்சு வச்சிருக்கான்.”

எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய தமிழ் டூயட் அது. ஆனால் அதில் ஆண் குரல் இல்லை, பெண் குரல் இல்லை, வார்த்தை ஒன்றுகூட இல்லை. எங்கோ ஆழத்தில் ஒரு வயலின் இழுபட்டுக்கொண்டிருந்தது. அதன்மேல், வரிக்கும் வரிக்கும் நடுவில் பாடுகிறவர்கள் இழுப்பார்களே, அந்த மூச்சுகள் மட்டும். ஒரு மூச்சு, இடைவெளி, இன்னொரு மூச்சு. பாடப்போகிறார்கள், இதோ பாடப்போகிறார்கள் என்று நாலு நிமிஷம் காத்திருந்தேன். கடைசிவரை பாடவேயில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். குடிக்காமலே திரும்பி வந்து மறுபடி மாட்டிக்கொண்டேன்.

அப்படி ஒன்பது ரீமிக்ஸ்கள் இருந்தன. வெளிநாட்டு இணையதளம் ஒன்றில், இந்த மாதிரி விநோத இசை செய்பவர்களின் கூட்டத்தில் யாரோ போட்டிருந்தார். அவருக்குப் பெயர் கிடையாது, ஊர் கிடையாது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஃபேன் ரெகுலேட்டரின் படம். கறுப்பாக, உருண்டையாக, ஒன்றிலிருந்து ஐந்துவரை எண் போட்ட பழைய ரெகுலேட்டர். அதே மாதிரி ஒன்று எங்கள் ஹாலிலும் இருந்தது. காலனியில் இருநூறு வீட்டிலும் இருந்தது. அதைப் பார்த்து எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. டெஸ்டர் என்று பெயர் வேறு.

அந்தத் தளத்தில் கேட்கலாம், இறக்கிக்கொள்ள முடியாது. என் நண்பன் ஒரு கம்ப்யூட்டரின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து இன்னொன்றின் மைக் துளைக்கு ஒயரைப் போட்டு ஒன்பதையும் பதிவு செய்து ஒரு சிடியில் ஏற்றியிருந்தான். அதிலிருந்து என் குட்டி எம்பி3 பிளேயருக்கு மாற்றிக்கொண்டேன். பிறகு பஸ்ஸில் வேறெதுவும் கேட்கவில்லை. ஒரு கல்யாண நாதஸ்வரத்தை வேகம் குறைத்துக் குறைத்து, ஆளில்லாத மண்டபத்தை யாரோ கழுவுவது போல ஆக்கியிருந்தார். கேட்டால் மனசு சாந்தமாகும் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். எனக்கு நேர்மாறாகத்தான் ஆனது. எதையோ அடுப்பில் வைத்துவிட்டு வந்த மாதிரி நாள் முழுக்கப் பரபரப்பாக இருக்கும். ஆனாலும் சாயங்காலம் எப்போது பஸ் வரும், எப்போது காதில் மாட்டலாம் என்று தவிப்பேன்.

ஏழாவதுதான் எல்லோரையும் ஆட்டிவைத்தது. ஒரு பழைய தெலுங்கு சோகப் பாட்டு. பல்லவிக்குப் பிறகு சரணம் வர வேண்டிய இடத்தில் பாடகியை எடுத்துவிட்டு, வேறொரு சத்தத்தை வைத்திருந்தார். நீளமான, தணிந்த, மேலே ஏறி வளைந்து இறங்கும் ஒரு கூவல். தளத்தில் அதைப் பற்றி மட்டும் பக்கம் பக்கமாக விவாதம். வட கடலில் பனிமூட்டத்தில் கப்பல்கள் எழுப்பும் ஒலி என்றார் ஒருவர். இல்லை, திமிங்கலம் என்றார் இன்னொருவர். ஃபின்லாந்துக்காரர் ஒருவர் தன் ஊர்த் துறைமுகத்தின் பெயரையே சொல்லி, சிறுவயதில் கேட்ட ஒலி இது என்று உருகியிருந்தார்.

ஒரு நாள் காலை மெஹதிப்பட்டணத்தில், மேம்பால வேலைக்காகத் தோண்டிப்போட்ட சாலையில் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏழாவதை எத்தனையாவது முறையாகவோ கேட்டுக்கொண்டிருந்தேன். கூவல் தொடங்கியது, அறுந்தது, ஒரு மூச்சு நின்றது, மறுபடி தொடங்கியது.

“சங்குக்குத் தண்ணி குடு” என்றது என் வாய், தானாக. பக்கத்து சீட்டுப் பெண் ஒன்றும் புரியாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அத்தனை நாள் கேட்டும் தெரியவில்லையே. வேகத்தைப் பாதியாகக் குறைத்து, சுருதியை இறக்கி, ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருந்தார். ஆனால் அந்த விக்கலை மட்டும் விட்டுவைத்திருந்தார். அப்படியென்றால் அவர் எங்கள் ஊர், எங்கள் காலனி! நான் தினமும் தாண்டிப்போகும் ஏதோ ஒரு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறார். சந்தோஷம்தான். ஆனால் சந்தோஷத்தோடு ஒரு கோபமும் வந்தது. எங்கள் வீட்டு விக்கலைக் கேட்டு ஃபின்லாந்தில் ஒருவன் கப்பல் என்று அழுதுகொண்டிருக்கிறான்; எனக்கல்லவா தெரியும் அது என்னவென்று?

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனுக்குப் போகாமல் உட்கார்ந்து எழுதினேன். கெட்டிக்கார டெஸ்டர் எழுதுவது போலவே எழுதினேன். இது கப்பலும் இல்லை, திமிங்கலமும் இல்லை. ஹைதராபாத், காஞ்சன்பாக், இன்ன தொழிற்சாலையின் ஒன்றேகால் மணிச் சங்கு என்று தொழிற்சாலையின் பெயரை முழுசாகப் போட்டேன். இரண்டாவது நிமிஷத்தில் அடியில் ஒரு முனகல் கேட்கிறதே, அது பின் வரிசைக் குடியிருப்புகளை ஒட்டிய தண்ணீர்த் தொட்டி மோட்டார்; ஒரு மணிக்குப் போடுவார்கள், இரண்டு மணிக்கு நிறுத்துவார்கள். ஆகவே பதிவு செய்த இடம் பின் வரிசை. தரையில் பிள்ளைகள் விளையாடும் சத்தம் தூரத்தில் கேட்பதால் மேல் மாடி. சங்கு நேராக வந்து விழுவதால் மேற்கு ஜன்னல். இதையெல்லாம் வரிசையாக எழுதிவிட்டு, முத்தாய்ப்பாக, இது விக்கும்போது எங்கள் வீட்டில் ‘சங்குக்குத் தண்ணி குடு’ என்போம் என்று அதையும் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன்.

அந்த ஜன்னலுக்குப் பின்னால் இருப்பது யார் என்று நான் யோசிக்கவில்லை. பின் வரிசையில், மேல் மாடியில், மேற்கு ஜன்னலோடு இரண்டு வீடுதான் இருந்தது. பிழை எந்தத் திரையில் வருகிறது என்றுதான் நாங்கள் எழுதுவோம். அதைச் செய்த ஆள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாரா என்று பார்ப்பதில்லை. அவருக்கு ஒன்று தெரிந்தால் போதும் என்றிருந்தது எனக்கு: இங்கே ஒருத்தி உங்களைக் கேட்டாள், கடைசித் துளிவரை கேட்டாள் என்று.

மறுநாள் காலை பாராட்டு மழை. நாற்பது பேர் பதில் எழுதியிருந்தார்கள். ஃபின்லாந்துக்காரர் மனம் உடைந்தாலும் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டு, வானிலிருந்து எடுத்த வரைபடத்தில் எங்கள் காலனியைத் தேடிப் பிடித்து, பின் வரிசையைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டமும் போட்டிருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நண்பனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் படித்தான், வட்டத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு தன் திரைக்குத் திரும்பிவிட்டான்.

அதற்கு அடுத்த நாள் ஏழாவதைக் காணோம். மாலைக்குள் மற்ற எட்டும் போயின. ரெகுலேட்டர் இருந்த இடம் வெறும் சாம்பல் கட்டமாக இருந்தது.

“கைக்கு சொன்னே ரே?” என்றான் நண்பன். “கைக்கு? அந்த ஆளு பேரே போடலையே. பேரு போடாதவன் அட்ரஸ் போடுவானா?”

பக்கத்தை மறுபடி மறுபடி புதுப்பித்துக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு நான் பார்க்க வேண்டிய வேலை எதையும் பார்க்கவில்லை.

அந்த வாரம் வியாழக்கிழமை மாலை, அப்பா காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் எதிரே காலை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

“உனக்குத்தான் கம்ப்யூட்டர்லாம் தெரியுமே,” என்றார் அப்பா. “நெட்ல ஒருத்தன் பேர் போடாம ஒண்ணு எழுதினா, அது யாருன்னு கண்டுபிடிக்க முடியுமா?”

ஆபீஸ் விஷயம் அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. யாரோ எதற்கோ தொழிற்சாலையின் பெயரைத் தேடியபோது அந்தப் பக்கம் கிடைத்ததாம். செக்யூரிட்டி ஆபீஸர் அதைப் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறாராம். வெளிநாட்டுத் தளம், காலனியின் வரைபடம், சிவப்பு வட்டம். பின் வரிசை மேல் மாடிக்காரரைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். அவரும் மறைக்காமல் ஒத்துக்கொண்டாராம். அவர் அப்பாவின் செக்‌ஷன். அவரைப் பற்றி அப்பா ஒரு குறிப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்த மாதம் அவருக்கு பிரமோஷன் இன்டர்வியூ.

“யாருங்க அது?” என்றாள் அம்மா.

“நம்ம ஃபங்ஷனுக்கெல்லாம் மைக் போடுவாரே, அவர்தான்.”

எனக்கு முதலில் நம்ப முடியவில்லை. அந்த அங்கிளா? திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நாற்பத்தைந்து வயது, பிள்ளைகள் இல்லை. காலனித் தமிழ்க் குடும்பங்களின் பொங்கல் விழாவில் ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ‘ஒன், டூ, த்ரீ’ என்று ஒரு மணி நேரம் சோதித்துக்கொண்டிருப்பார். குறையே இல்லாத மைக்கில் குறை தேடுவார். நாங்கள் பின்னாலிருந்து ‘ஃபோர், ஃபைவ், சிக்ஸ்’ என்று கத்துவோம். கத்துவதில் முதல் குரல் என்னுடையது.

“கரெக்டா எழுதியிருக்கான்,” என்றார் அப்பா. “மோட்டார் போடற நேரம், ஜன்னல் திசை, எல்லாம். காலனிக்குள்ள இருக்கறவங்கதான். கண்டுபிடிக்க முடியுமா, முடியாதா?”

“முடியாதுப்பா.”

அப்பா என் காலைப் பார்த்தார். அது ஆடவில்லை. பிறகு காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்து போனார்.

அன்றிலிருந்து நான் பட்டது எனக்குத்தான் தெரியும். சொல்லிவிடலாம் என்று ஹாலுக்கு வருவேன், தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போவேன். சொன்னால் அங்கிளின் மேலுள்ள பழி குறையாது, அப்பாவின் தலையும் சேர்ந்து குனியும். சொல்லாவிட்டால் நான் மனுஷியே இல்லை. சனிக்கிழமை எனக்கு விடுமுறை. ஒன்றேகால் மணிக்குச் சங்கு தொடங்கி, அறுந்து, விக்கியது. அப்பா வாஷ்பேசின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஒன்றும் சொல்லாமல் வாயைத் துடைத்துக்கொண்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். என் நினைவில் அவர் தண்ணி கேட்காத முதல் நாள் அது.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு எம்பி3 பிளேயரை எடுத்துக்கொண்டு பின் வரிசையில் அங்கிள் வீட்டுக்குப் போனேன். ஆன்ட்டி கதவைத் திறந்தார். கையில் தேங்காய்த் துருவல்.

“வா பிள்ளே. என்ன இந்தப் பக்கம்?”

ஹாலில் மேற்கு ஜன்னல் ஓரம் மேசை. அதன்மேல் ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டர் இருந்த இடத்தில் மட்டும் சதுரமாகத் தூசி படியாமல் இருந்தது. செக்யூரிட்டிக்காரர்கள் சோதிக்க எடுத்துப்போயிருந்தார்கள். அங்கிள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். சுவரில் ரெகுலேட்டர், மூன்றில் நின்றது.

“அங்கிள், நெட்ல எழுதினது நான்தான்.”

அவர் என்னைப் பார்த்தார். சமையல் கட்டில் துருவும் சத்தம் நின்றது. அவர் திட்ட வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டு நின்றேன். நன்றாகத் திட்டியிருந்தால் நானும் நன்றாக அழுதிருப்பேன்.

“மோட்டாரு கேட்டுச்சா?” என்றார்.

“என்ன அங்கிள்?”

“தொட்டி மோட்டாரு. எந்த எடத்துல கேட்டுச்சு?”

“ரெண்டாவது நிமிஷத்துல. அடியில.”

“அதை வெட்டிட்டேன்னுல்லா நெனைச்சேன்.” முகம் வாடிவிட்டது. செக்யூரிட்டி ஆபீஸர் கூப்பிட்டதைவிட மோட்டார் மிச்சமிருந்ததுதான் அவருக்குப் பெரிய அவமானம் போலிருந்தது. “ஒரு வாரம் உக்காந்து வெட்டுனேன் பிள்ளே. யாருக்கும் கேக்காதுன்னு நெனைச்சேன்.”

“எனக்குக் கேட்டுச்சு அங்கிள். எல்லாமே கேட்டுச்சு. முதல் பாட்டுல அந்த மூச்செல்லாம் எப்படித்தான் தனியா எடுத்தீங்களோ, இன்னிவரைக்கும் புரியல.”

சமையல் கட்டிலிருந்து ஆன்ட்டி எட்டிப் பார்த்தார். “அது சினிமாக்காரி மூச்சா? என் மூச்சுல்லா! ரெண்டு நாளு பாடச் சொன்னாக. நானும் மாங்கு மாங்குன்னு பாடுனேன். கடைசில பாட்டை வெட்டி எறிஞ்சிட்டு மூச்சை மட்டும் வச்சிக்கிட்டாக.”

அங்கிள் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியத்தில்தான் அடுத்த வார்த்தையைச் சொன்னேன். சொல்லாமலே இருந்திருக்கலாம்.

“அங்கிள், ஒன்பதும் என்கிட்ட இருக்கு.” பிளேயரை நீட்டினேன். “நீங்க அழிச்சிட்டீங்கன்னு தெரியும். இதை வச்சுக்கோங்க.”

அவர் முகம் ஒரு கணம் பளிச்சென்று மலர்ந்ததை நான் பார்த்தேன். கை பாதி தூரம் வந்தது. பிறகு நின்றது. கையை மடியில் திரும்ப வைத்துக்கொண்டார்.

“எழுதிக் குடுத்திருக்கேன் பிள்ளே. என் அறிவுக்கு எட்டிய வரைக்கும் எங்கயும் நகல் இல்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். நேத்து வரைக்கும் அது நெசம். இப்ப என் அறிவுக்கு எட்டிட்டுல்லா?”

“நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் அங்கிள். எனக்குள்ளேயே வச்சுக்கறேன்.”

“ஆனா எனக்குத் தெரியுமே.”

இருபத்திரண்டு வருஷம் அந்த கேட்டுக்குள் போய்வந்த மனிதர். பொய்க் கையெழுத்தோடு திங்கட்கிழமை உள்ளே போக அவரால் முடியாது. நான் ஒரு வாரத்துக்குள் இரண்டாம் முறையாக அதே தப்பைச் செய்திருந்தேன். வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஒன்பதும் என் பையில் பிழைத்திருக்கும். அன்பாகக் கொண்டுவந்து அவர் வாயாலேயே கொல்லச் சொல்ல வைத்தேன்.

“அழிக்கதுக்கு முன்னால ஏழாவதை ஒருக்கா போடு,” என்றார். கட்டிலுக்கடியிலிருந்து மைக் செட் ஸ்பீக்கரை இழுத்து ஒயரை மாட்டினார். சத்தத்தைக் குறைவாகத்தான் வைத்தார். பல்லவி முடிந்தது. கூவல் எழுந்து, அறுந்து, மூச்சு விட்டு, மறுபடி எழுந்தது.

“ஏங்க, இன்னைக்கு ஞாயித்துக்கிழமைல்லா?” என்று உள்ளிருந்து ஆன்ட்டி குரல் கொடுத்தார். “சங்கு எதுக்கு ஊதுது?”

ஆன்ட்டி ஈரக் கையோடு வந்து நிலைப்படியில் நின்று முழுவதையும் கேட்டார்.

“இதையா கப்பல்னு சொன்னானுவ?” என்றார். “ஆரோ வீட்டுக்குள்ள வராம வெளிய நின்னே கூப்பிடுத மாதிரில்லா இருக்கு.”

பாட்டில் அந்த முனகல் வந்த இடத்தில் மட்டும் அங்கிள் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பாட்டு நின்றதும் அழிக்கலாம் என்று தலையை அசைத்தார். நான் ஒவ்வொன்றாக அழித்தேன். ஒவ்வொரு தடவையும் பிளேயர் ‘நிச்சயமா?’ என்று கேட்டது. ஒன்பது தடவை ஆமாம் என்று அழுத்தினேன். அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பரை இறக்காமல் கேட்டார்.

“சொல்லிட்டியா?”

நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

“சங்குக்குத் தண்ணி குடுன்னு இந்த ஊர்ல வேற எந்த வீட்ல சொல்றாங்க?” என்றார். “பிரிண்ட்ட என் கையில குடுத்துதான் படிக்கச் சொன்னாங்க.”

அப்படியானால் அன்று மாலை காபியோடு உட்கார்ந்திருந்தபோதே தெரியும். கேள்வி கேட்டது கண்டுபிடிக்க அல்ல, நான் சொல்வதற்கு ஒரு வாசல் திறந்துவிடத்தான். நான்தான் அதில் நுழையவில்லை. தெரிந்ததை ஆபீஸில் சொல்லாமல், வீட்டில் சொல்லாமல், அத்தனை நாளும் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு அந்தக் குறிப்பை எழுதியிருக்கிறார். எந்த மௌனத்தைப் பார்த்து இருபது வருஷம் எரிச்சல்பட்டேனோ அதன் நிழலில்தான் அந்த வாரம் நின்றிருந்தேன்.

“அழிச்சுட்டேன்ப்பா. அவர் முன்னாடியே.”

“வேற எங்கயாவது இருக்கா?”

நண்பனின் சிடி ஞாபகம் வந்தது.

“இல்லப்பா.”

அப்பா பேப்பரைத் திருப்பினார். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அங்கிளை எச்சரித்து விட்டுவிட்டார்கள். கம்ப்யூட்டர் திரும்பி வந்தது. பிரமோஷனும் வந்தது. அடுத்த பொங்கல் விழாவில் ஆம்ப்ளிஃபையரை வேறு யாரோ பார்த்துக்கொண்டார்கள். பேச்சுக்குப் பேச்சு மைக் கிறீச்சிட்டது. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அங்கிள் நான்காவது வரிசையில், மடியில் கையை வைத்துக்கொண்டு மேடையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இசை செய்வதை அவர் விட்டுவிட்டார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்தக் கைகளைப் பார்த்தபோது தெரிந்தது.

கோடையில் என் நண்பனுக்கு விசா கிடைத்தது. கடைசி நாள் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தவன் அட்டை உறையில் போட்ட ஒரு சிடியைத் தூக்கிக் காட்டினான்.

“வேணுமா? உன்னோடது போயிடுச்சுன்னியே.”

வேண்டும். அதைப்போல எனக்கு எதுவும் வேண்டியிருந்ததில்லை. கையை நீட்டினால் போதும்.

“நக்கோ,” என்றேன்.

“கைக்கு?”

காரணம் சொல்ல ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டேன்.

“பத்திரமா வச்சுக்கோ,” என்றேன். “எங்க வச்சிருக்கேன்னு மட்டும் என்கிட்ட என்னிக்கும் சொல்லாதே.”